அணைக்காத இஞ்சின்

“ஆறின வண்டிய எவம் வேணாலும் ஸ்டார்ட் பண்ணிருவாம் மாப்ளே, சூட்டுல நின்னுபோன வண்டியத்தான்…” என்று மாமா ஆரம்பிப்பார், அதற்கு மேல் என்ன சொன்னார் என்பது எவ்வளவு துழாவினாலும் அகப்படவில்லை. தள்ளப்படாது என்றாரா, நம்பப்படாது என்றாரா, விட்டுட்டுப் போவப்படாது என்றாரா, மூன்றுமே அவர் வாயில் வரக்கூடியவைதான். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது, மூக்குப்பொடியின் கமறலோடு, ஒவ்வொரு வாக்கியத்தையும் பாதியில் நிறுத்தி எதிரில் இருப்பவன் கவனிக்கிறானா என்று பார்த்துவிட்டு மறுபாதியைத் தருகிற குரல். என் மனைவி பியூலாவின் அப்பா. யூனியன் ஆபீஸில் ஹெட்கிளார்க்காக இருந்தவர், மூன்று பேர் ஓட்டிக் கழித்த ஒரு சதுரமூக்குக் காரை வாங்கிக் கடைசிவரை அதையே வைத்திருந்தவர், அவர் போய் நாலு வருஷமாகிறது. அந்த மறுபாதி இப்போது எனக்கு வேண்டும். ரயில்வே கேட் என் முன்னால் இப்போதுதான் இறங்கியது, சிவப்பும் வெள்ளையுமான அந்தக் குறுக்குக் கம்பி ஒரு தடவை குலுங்கி அடங்கியது, சுற்றி நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாகச் சத்தத்தை நிறுத்திக்கொண்டன, நான் மட்டும் இஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் இது திரும்ப எடுக்காது. சூடு ஆறுகிற வரை, அரைமணியோ முக்கால்மணியோ, கல்லாகக் கிடக்கும். கேட்டுக்கு அந்தப் பக்கம், காற்றாலைகளைத் தாண்டினால் ஸ்டேஷன். இந்தக் கேட்டை அடைத்திருப்பதே பியூலா வருகிற ரயிலுக்காகத்தான். முன்னாலேயே போய்ப் பிளாட்பாரத்தில் காத்திருக்கலாம், எல்லாப் புருஷன்மாரும் அதைத்தான் செய்வார்கள், ஆனால் காத்திருப்பதென்றால் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டேஷன் வாசலில் புகைவிட்டுக்கொண்டு நிற்க வேண்டும், அதனால் ரயிலும் நானும் ஒரே சமயத்தில் போய்ச் சேருகிற மாதிரிக் கணக்குப் போட்டுக் கிளம்பினேன். கணக்கில் கேட் வரவில்லை. பத்தொன்பது வருஷம் மஸ்கட்டில் வண்டி ஓட்டியவன் நான், அது ரயிலே இல்லாத ஊர், கேட் எப்படி ஞாபகம் வரும்.

சூட்டு முள் பாதியைத் தாண்டிவிட்டது. அதைப் பார்க்காமல் இருக்கலாம் என்று காற்றாலைகளைப் பார்க்கிறேன், ஒன்றுகூடச் சுற்றவில்லை, இன்னும் காற்று மாதம் வரவில்லை, வெள்ளை வெள்ளையாகக் கைகளை விரித்துக்கொண்டு மலையடிவாரம் வரை நிற்கின்றன, கண் தானாக முள்ளுக்கே திரும்பி வருகிறது. இந்த வண்டிக்கு இரண்டு வியாதி. சூட்டில் நிறுத்தினால் எடுக்காது, அது ஒன்று. ஓடாமல் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தால் சூடு ஏறும், அது இன்னொன்று, ரேடியேட்டர் விசிறி தனக்குத் தோன்றும்போதுதான் சுற்றும். ஓடிக்கொண்டே இருந்தால் தங்கமான வண்டி. மெக்கானிக் எதையெதையோ மாற்றிப் பார்த்தார், ஒரு சென்சார், பிறகு ஒரு காயில், பிறகு பெட்ரோல் பம்பு, கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, அணைக்காம ஓட்டிக்கோங்க சார் என்றார், சர்க்கரைக்காரனிடம் இனிப்பைக் குறைத்துக்கோங்க என்று சொல்வதுபோல. சூடு ஏறினால் ஹீட்டரைப் போடுங்கள், இஞ்சின் சூட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்றும் அவர்தான் சொன்னார். போட்டிருக்கிறேன். சித்திரை மாதத்து உச்சிவேளையில் நாலு கண்ணாடியையும் இறக்கி ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டு, தேய்த்த சட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன். கணுக்காலில் அனல் அடிக்கிறது. பழைய அனல். மஸ்கட்டில் ஜூன் மாதம் கார்க் கதவைத் திறந்தால் முகத்தில் மோதுமே அது. அப்போது பியூலா துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, உள்ள ஏறுங்க அத்தான், வெந்துபோவோம் என்பாள். இப்போது அவள் உட்கார வேண்டிய சீட்டில் ஒரு புதுத் துண்டை விரித்திருக்கிறேன், கிழிசல் தெரியக்கூடாது என்பதற்காக, அதன்மேல் முதலூர் மஸ்கோத் அல்வா, ஒரு தண்ணீர் பாட்டில். அல்வாப் பொட்டலத்தின் காகிதத்தில் எண்ணெய் பரவிக்கொண்டே வருகிறது. துண்டில் கறை பிடிக்கும். கறையைப் பார்த்துவிட்டு அவள் என்ன சொல்வாள். ஒன்றும் சொல்லமாட்டாள், மடித்து வைத்துவிட்டு உட்காருவாள், அதுதான் பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் சொல்லுவாள்.

இந்தக் காரை நான் எப்படி வாங்கினேன் என்று யாராவது கேட்டால் விலையைச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். அந்த விலைக்கு வேறென்ன கிடைக்கும் என்பார்கள். பெங்களூரில் படிக்கிற மகன் போட்டோவைப் பார்த்துவிட்டு, இதுக்கு டிக்கெட் போட்டு ஆளை உள்ளே விடலாம்ப்பா என்று எழுதினான். விலை காரணம் இல்லை, அது எனக்கு மட்டும்தான் தெரியும். புரோக்கர் கோயில்பிள்ளை நாகர்கோவில் ஜங்ஷனில் வண்டியோடு வந்து நின்றார், கண் டாக்டர் ஓட்டிய வண்டி சார், ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறக்கமாட்டார், கண் டாக்டரில்லையா என்றார். ஓட்டிப் பார்த்தேன். நாலுவழிச் சாலையில் போய்த் திரும்பி வரும்போது ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தச் சொன்னார். நான் சாவியைத் திருப்பப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். ஓடட்டும் சார், ஏசி இருக்கட்டும், நீங்க எறங்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆர்னை இரண்டு தடவை தொட்டார், கடைக்காரர் காகிதக் கிளாசில் டீயோடு வந்து ஜன்னலில் நீட்டினார். அவ்வளவுதான். வெளியே வெயில், உள்ளே குளிர், கையில் டீ, காலுக்குக் கீழே இஞ்சினின் மெல்லிய அதிர்வு, டீ ஆறுவதற்குள் சரி என்றுவிட்டேன். ஊரில் வேறு எவனாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பான், வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்ப எடுத்துக் காட்டுய்யா என்றிருப்பான், பெட்ரோலை எவனாவது இப்படி எரிப்பானா என்று கேட்டிருப்பான். எனக்கு அது மரியாதையாகப் பட்டது. மஸ்கட்டில் யாரும் அணைக்கமாட்டார்கள். கடை வாசலில் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், ஆர்ன் அடித்தால் டீ வரும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரூவியிலிருந்து கடற்கரை ரோடு வரை எத்தனை வண்டிகள், எத்தனை இஞ்சின்கள், உள்ளே எத்தனை குடும்பங்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கடலைப் பார்த்து டீ குடித்துக்கொண்டு. கோயில்பிள்ளை என்னை ஏமாற்றவில்லை என்றே சொல்லலாம். வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் அணைத்தேன், எடுக்கவில்லை. பங்க்காரர்கள் தள்ளி ஓரமாக விட்டார்கள். புளியமரத்தடியில் முக்கால்மணி நேரம். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல எடுத்தது. கோயில்பிள்ளைக்குப் போன் செய்தால், அப்படியா சார், எங்கிட்ட இருந்தவரைக்கும் நிக்கவே இல்லையே என்றார், அது உண்மையாகவும் இருக்கலாம்.

பேச வேண்டிய பேச்செல்லாம் எங்களுக்கு வண்டியில்தான். வீட்டில் முடியாது, வீடு என்றால் எதிரெதிர் நாற்காலி, முகத்தைப் பார்த்தாக வேண்டும். அவளுக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி, எனக்குக் கட்டடக் கம்பெனியில் அளவுக் கணக்கு, இரண்டு பேரும் விழித்திருக்கிற வெள்ளிக்கிழமைகளில் மஸ்கட்டுக்கு வெளியே குரியாத் ரோட்டில் மலைகளுக்கு நடுவே சும்மா ஓட்டிக்கொண்டு போவோம். இரண்டு பேர் கண்ணும் ரோட்டில். அப்போது எதையும் சொல்லலாம். இரண்டாவது குழந்தை வயிற்றில் நிற்கவில்லை என்று அவள் சொன்னது அந்த ரோட்டில்தான். அவள் அப்பா போன செய்தியை நான் சொன்னதும் அங்கேதான், அவள் ரொம்ப நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வண்டிய என்ன செய்வாவ என்று கேட்டாள், அப்பாவின் காரை. கம்பெனி அந்த ஊர்க் கிளையை மூடிவிட்டது, எனக்கு வேலை இல்லை என்பதையும் அப்படித்தான் சொன்னேன். நீங்க முதல்ல போங்க, நான் யோசிக்கேன் என்றாள். போன வருஷம் ஏர்போர்ட்டில் என்னை இறக்கிவிட வந்தபோது அவள்தான் ஓட்டினாள், கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல், ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள். “நீங்க வான்னா வந்துருவேன் அத்தான். ஆனா நீங்க சொல்லணும்.” நான் சொன்னேன், “உன் இஷ்டம் பியூலா.” அது பெருந்தன்மை என்று நினைத்தேன். ஒரு பெண்ணை வேலையை விட்டு வா என்று சொல்ல நான் யார் என்று, படித்தவன் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று. அவள் இண்டிகேட்டரைப் போட்டு ஓரம் கட்டினாள், டிக்கியைத் திறந்துவிட்டாள். பத்தாவது வரை தமிழிலும் அதற்குப் பிறகு இங்கிலீஷிலும் படித்தவன் நான், கஷ்டமான இடம் வந்தால் மனசு இரண்டாவது மொழிக்குள் போய் ஒதுங்கிக்கொள்கிறது, அன்றைக்கு ராத்திரி விமானம் ஏறுவதற்கு முன்னால் ‘டேக் கேர்’ என்று அனுப்பினேன். அவளும் ‘யூ டூ’ என்று அனுப்பினாள். ஒரு வருஷமாக இதே இரண்டு செய்திகள்தான் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கின்றன, நடுவில் வீட்டுக்கு வெள்ளை அடித்தாயிற்று, போர் போட்டாயிற்று, கார் வாங்கியாயிற்று. ஒவ்வொன்றையும் நான் போட்டோ எடுத்து, வா என்று சொல்வதாக நினைத்துத்தான் அனுப்பினேன். அவள் ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். இந்த மாதக் கடைசிக்குள் அவள் ஆஸ்பத்திரியில் அடுத்த இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு முன்னால் பத்து நாள் லீவில் வருகிறாள். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகிற ரோட்டில் கேட்டுவிடலாம் என்றுதான், இரண்டு பேர் கண்ணும் ரோட்டில் இருக்கும்போது கேட்டுவிடலாம் என்றுதான் கார் வாங்கினேன். அந்த ரோடு மட்டும் எனக்கு வேண்டும். இந்த வண்டி அந்த ஒரு தடவை நிற்காமல் ஓடினால் போதும்.

முள் முக்காலுக்கு வந்துவிட்டது. பியூலா என்று சொல்லிக்கொண்டு தலையைத் திருப்புகிறேன், வலப்பக்கம். ஒரு வருஷமாகியும் இந்தக் கழுத்துக்குப் புரியவில்லை, மஸ்கட்டில் ஓட்டுகிறவன் இடப்பக்கம், அவள் எனக்கு வலப்பக்கம், பத்தொன்பது வருஷம் அந்தப் பக்கம் திரும்பித்தான் பேசியிருக்கிறேன், இங்கே திரும்பினால் ஜன்னலும் ரோடும்தான். ஜன்னலில் இப்போது ஒரு முகம் இருக்கிறது. வாழைத்தாரைப் பின்னால் கட்டிய மொபெட்டில் ஒரு ஆள், தலையில் துண்டு. நான் அவரைக் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு, “என்ன அண்ணாச்சி?” என்கிறார். ஒன்றுமில்லை என்கிறேன். “ஒண்ணுமில்லன்னா வண்டிய ஆஃப் பண்ணுங்க, பொக நேரா எம் மூஞ்சிலல்லா அடிக்கி.” வீட்டம்மா வருகிறாள், வெயிலில் வருவாள், அதான் ஏசி போட்டு வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன், எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை, வாயில் அதுதான் வந்தது. அவர் கையை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு டேஷ்போர்டு ஓட்டையருகே வைத்துப் பார்த்தார். நிதானமாகக் கையை எடுத்து வேட்டியில் துடைத்தார். “ஏசி நல்லாருக்கு அண்ணாச்சி. வீட்டம்மா மேல கோவமோ?” பின்னால் பைக்கில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள், வெள்ளரிப்பிஞ்சு விற்கிற பெண்ணும் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சிரித்தாள், துபாய்க்காரராக இருக்கும், அங்கே பெட்ரோல் தண்ணி விலை என்று யாரோ விளக்கம் சொன்னார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கிற சத்தத்துக்கு நடுவில் இஞ்சின் ஒரு தடவை இருமியது போலிருந்தது, ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தேன். நின்றுவிட்டால் இந்தக் கூட்டம் முழுவதும் தள்ள வரும். வாழைத்தார்க்காரர் முதல் ஆளாக வருவார். நல்ல மனுஷர்கள், அது வேறு. கேட் திறந்து எல்லா வண்டியும் போன பிறகு நான் மட்டும் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், அவள் பெட்டியோடு அந்தப் பக்கம். பெட்டியை ஒரு கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பாள், வார்டில் நிற்பது மாதிரி, எதற்கும் அவசரப்படாமல், எதையும் எதிர்பார்க்காமல். அந்த நிற்பை நினைத்தால்தான் பயம். எதிர்பார்ப்பதை அவள் விட்டுவிட்டாளோ என்று. ஒற்றை ஆளாக இருக்கப் பழகிவிட்டாளோ என்று. போனில் அவள் குரல் இந்த ஒரு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தமாகிவிட்டது, கொசுறுப் பேச்செல்லாம் கழன்று, மருந்துச் சீட்டு மாதிரி.

போன் அடித்தது. அவள்தான். காவல்கிணறு தாண்டிவிட்டது, பெட்டியில் கூட்டமில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். கேட்டில் நிற்கிறேன் என்றேன், எந்தப் பக்கம் என்று கேட்டாள். மேற்கே என்றேன். அப்படியானால் தன் பக்கம்தான் வரும், கை காட்டுகிறேன் என்றாள். அந்தக் குரல் போனில் கேட்கிற குரலாக இல்லை, பின்னால் தண்டவாளத்தின் தடதடப்பு, காற்று, யாரோ வடை விற்கிறார்கள், அந்தச் சத்தங்களுக்கு நடுவில் அது பழைய குரலாக இருந்தது. பிறகு கேட்டாள். “கேட்டு அடச்சுத்தான நிக்கிய அத்தான்?” “ஆமா.” “அப்ப ஏன் இஞ்சின் ஓடுது?” ஏசி என்றேன், ஒரு நாளில் இரண்டாவது தடவை. “ஏசின்னா கண்ணாடி ஏத்தியிருக்கணும்லா. வெள்ளரிக்கா விக்கிற சத்தம் கேக்கு.” முள்ளைப் பார்த்தேன். “சூட்டுல எடுக்காதோ?” என்றாள். அதைக் கேட்ட விதம், நோயாளியிடம் ராத்திரி தூங்கவில்லையோ என்று கேட்பது மாதிரி, பதில் தெரிந்த கேள்வி. ஆமாம் என்றேன். எப்போதிருந்து என்றாள். வாங்கின அன்றைக்கே என்றேன். அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை, ம் என்றாள், அந்த ம்முக்குள் என்ன இருந்தது என்று யோசிப்பதற்குள் நான் கேட்டுவிட்டேன், “உங்கப்பா ஒண்ணு சொல்லுவாவல்லா, ஆறின வண்டிய எவம் வேணாலும் ஸ்டார்ட் பண்ணிருவாம்னு. அதுக்குப் பெறகு என்ன?” “அதுக்கு முடிவே கெடையாது அத்தான். மெக்கானிக்கு பக்கத்துல நின்னா ஒண்ணு சொல்லுவாவ, அம்மா நின்னா ஒண்ணு சொல்லுவாவ, போலீஸ்காரன் நின்னா வேற ஒண்ணு.” “அன்னைக்கு என்ன சொன்னாவ? மணப்பாட்டு ரோட்டுல.” அவள் யோசித்தாள். யோசிக்கிற சத்தம் கேட்டது, எப்படி என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் கேட்டது. “அன்னைக்கு அப்பா பேசுனது ஒண்ணும் எங் காதுல விழல,” என்றாள். அதோடு லைன் போய்விட்டது. திரும்ப அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது.

காதில் விழவில்லை. எனக்கும் விழுந்திருக்காது, அதனால்தான் பாதியில் நிற்கிறது. கல்யாணமான நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மாமா எங்களை மணப்பாட்டுக்குக் கூட்டிப்போனார், முன்சீட்டில் மாமாவும் அத்தையும், பின்சீட்டில் நாங்கள், நடுவில் சாப்பாட்டுத் தூக்குகள் சிப்பாய் மாதிரி. தேரிக்காட்டு ரோட்டில் வண்டி நின்றது. இரண்டு பக்கமும் சிவப்பு மணல், ஒரு ஈ காக்கை இல்லை, அங்கங்கே பனைகள், ஒரு கொல்லாமரம், எங்கள் ஊர் முந்திரி. மாமா இறங்கி பானட்டைத் திறந்து நனைத்த துணியைப் பெட்ரோல் பம்பின்மேல் போட்டார், போட்டுவிட்டு ஒன்றும் செய்யவில்லை, பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டு எதையோ பேசிக்கொண்டிருந்தார், ஆறின வண்டிய எவம் வேணாலும் என்று அப்போதுதான் சொன்னார். அத்தை கொல்லாமரத்தடியில் சேலை ஓரத்தை விரித்து உட்கார்ந்து தூக்குகளைத் திறந்தாள். புளிச்சாதமும் அவித்த முட்டையும். பியூலாவும் நானும் அதுவரை வீட்டில் நாலு பேர் பார்க்க, வேணுமா, போதும், சரி என்பதைத் தவிர வேறெதுவும் பேசியிருக்கவில்லை. அவள் முட்டையை இரண்டாகப் பிட்டு மஞ்சள் கருவை மட்டும் எனக்கு வைத்தாள், மஞ்சள் கரு எனக்குப் பிடிக்காது, விழுங்கினேன், முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். பிடிக்கலன்னா சொல்ல மாட்டியளா என்று மெதுவாகக் கேட்டாள். சொல்லுவேன் என்றேன். அப்ப சொல்லுங்க என்றாள். பிடிக்காது என்றேன். சிரித்தாள், வாயில் சாதத்தோடு, கையால் மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அந்தச் சிரிப்பு அடங்குகிற வரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், எதிரெதிரேதான் உட்கார்ந்திருந்தோம், முகத்தைப் பார்த்துத்தான், கஷ்டமாகவே இல்லை. எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியாது. காற்றில் சிவப்பு மணல் ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. மாமா வந்து வண்டி ஆறிட்டு, ஏறுங்க என்றபோது எங்கள் இரண்டு பேருக்குமே எழுந்திருக்க மனசில்லை. மணப்பாட்டில் என்ன பார்த்தோம் என்று கேட்டால் எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை, கடல் இருந்திருக்கும்.

முள் சிவப்புக் கோட்டில் வந்து நின்றுவிட்டது. அல்வாக் காகிதம் முழுக்கக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, பானட்டின் விளிம்பில் காற்று நெளிவது தெரிகிறது, ஒரு மாதிரி இனிப்பான வாடை வருகிறது, கூலன்ட் வாடை. வாழைத்தார்க்காரர் இறங்கிவந்து பானட்டைக் குனிந்து பார்த்தார், இப்போது அவர் சிரிக்கவில்லை. கொதிச்சுரும் அண்ணாச்சி என்றார். தெரியும் என்றேன். அணைத்தால் எடுக்காதா என்று தாழ்ந்த குரலில் கேட்டார், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வியாதி போல. அப்போது தண்டவாளம் பாட ஆரம்பித்தது. ரயில் வந்தது. நான் ஜன்னல்களைப் பார்த்தேன், முதல் பெட்டி, இரண்டாவது பெட்டி, எந்தப் பெட்டி என்று கேட்காமல் விட்டுவிட்டேன், நீலம் நீலமாகக் கம்பிகள், கம்பிகளுக்குப் பின்னால் முகங்கள், எல்லா முகமும் அவள் முகமாகத் தொடங்கி வேறு யாருடையதாகவோ முடிந்தது. ஒரு பெட்டியில் ஜன்னலுக்கு ஜன்னல் கைகள் நீண்டு ஆடின, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எங்கோ சுற்றுலா போய்த் திரும்புகிறார்கள் போல, பத்துப் பதினைந்து கைகள், அவற்றுக்கு நடுவில் ஒரு பெரிய கையும் இருந்ததா, வளையல் இல்லாத, வாட்சை உள்பக்கமாகக் கட்டிய நர்ஸ் கை, இருந்தது மாதிரிதான் இருந்தது. நான் ஜன்னல் வழியாகத் தலையையும் தோளையும் வெளியே நீட்டி எல்லாக் கைகளுக்கும் கை காட்டினேன். வாழைத்தார்க்காரரும் சேர்ந்து காட்டினார், எதற்கென்று தெரியாமலே. கடைசிப் பெட்டி போனது. புழுதி அடங்கியது. கேட் திறக்கவில்லை, எதிர்வண்டி வருகிறதாம், அது ஸ்டேஷனை விட்டுக் கிளம்பி இந்தக் கேட்டைத் தாண்டிய பிறகுதான் என்று கேட்மேன் கையை ஆட்டினார். ரயில் அந்தப் பக்கம் நின்றிருக்கும், அவள் இறங்கியிருப்பாள், பெட்டியை நிமிர்த்தியிருப்பாள். எதிர்வண்டி போகிற வரை தாங்குமா, தாங்கினால் கேட் திறந்ததும் ஒரே ஓட்டமாக ஓட்டி அவளை ஏற்றிக்கொண்டு, அணைக்காமல், வீடு வரை அணைக்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, எந்த இடத்தில் ஆரம்பிப்பது, பஞ்சாயத்து ஆபீஸ் வளைவிலா, குளத்தங்கரையிலா, இங்கிலீஷில் ஆரம்பித்தால் எளிதாக இருக்குமா, இரண்டு வருஷத்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கலாம், அவள் நீங்க என்ன நினைக்கிய என்பாள், நான் உன் இஷ்டம் என்பேன். சொல்லிவிடுவேன். வாய் அதற்குத்தான் பழகியிருக்கிறது. ரோட்டுக்கு இடப்பக்கம் சரிவில் ஒரு வேம்பு நிற்கிறது, இவ்வளவு நேரமும் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது, கீழே நல்ல நிழல், வெள்ளரிப்பிஞ்சுக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கே போய்க் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

வண்டியை இடப்பக்கம் ஒடித்து, ரோட்டை விட்டு இறக்கி, வேம்படியில் நிறுத்தினேன். இஞ்சினை அணைத்தேன். பியூலாவைப் போனில் கூப்பிட்டு, ஸ்டேஷன் வாசலில் ஒரு ஆட்டோ பிடித்து இந்தக் கேட்டுக்கு வந்துவிடு என்றேன், வண்டி ஆறுகிற வரை நிழலில் உட்கார்ந்திருப்போம் என்றேன், கையெழுத்துப் போட வேண்டாம், என்கூடவே இருந்துவிடு என்றேன்.